75 ஆயிரம் ரூபாவுக்கு எதை வாங்குவது? பழைய ஒபிஸ் கணினியைக் கேம் கணினியாக்கிய கணக்கு

கடந்த வருடம் ஆனி மாதம். பரந்தனில் இருக்கும் பெரியம்மாவின் மகள் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, சீட்டுக்காசு 75 ஆயிரம் கிடக்குது. இவன் கொம்பியூட்டருக்கு ஏதோ காட் ஒண்டு போடவேணும் எண்டு ஒரே கரைச்சல். உது காசைக் கரியாக்கிற வேலையோ, இல்லாட்டி உண்மையாவே பிரயோசனமோ?"

2009 இற்குப் பிறகு தையல் மெஷினை மிதித்துத் தனியாக வளர்த்த பிள்ளை அவன். உயர்தரம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தான். கேம் விளையாடுவது பிரயோசனமா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. அந்த வயதில் ஒரு பெடியன் மாலையில் வீட்டில் இருக்கிறான் என்பதே எங்கள் ஊர்களில் இன்றைக்குப் பல தாய்மாருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் 75 ஆயிரம் ரூபா அந்த வீட்டில் சின்னத் தொகையில்லை. தவறான பொருளில் போனால் திரும்பி வராது.

நான் வீடியோ எடிட் செய்யும் கணினியைத் துண்டு துண்டாக வாங்கி நானேதான் சேர்த்தேன். அந்தப் பயணத்தில் ஏமாந்தும் இருக்கிறேன். அதனால் அடுத்த சனிக்கிழமை பரந்தனுக்குப் போனேன்.

மேசையில் இருந்தது டெல் ஒப்டிபிளெக்ஸ் வகைக் கணினி. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்டவை கொள்கலன் கணக்கில் இலங்கைக்கு வருகின்றனவே, அவற்றில் ஒன்று. உள்ளே இன்டெல் கோர் ஐ5-6500 புரொசெசர், ஒரேயொரு 8 ஜிபி ரேம் துண்டு, சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். தனியான கிராபிக்ஸ் கார்ட் இல்லை. புரொசெசருக்குள்ளேயே இருக்கும் சிறிய கிராபிக்ஸில்தான் இவ்வளவு நாளும் ஓட்டியிருக்கிறான்.

மருமகனிடம் ஒரு பட்டியல் இருந்தது. யூரியூப் பார்த்துத் தயாரித்தது. முதல் வரியில் ஆர்எக்ஸ் 580 என்ற கார்ட், 8 ஜிபி. "மாமா, பாவிச்சது மலிவா வருது. இதைப் போட்டா எல்லாக் கேமும் ஓடும்."

நான் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, முதலில் விளையாடிக் காட்டச் சொன்னேன்.

அவன் விளையாட்டைத் தொடங்கியதும் துப்பாக்கிச் சத்தம் ஸ்பீக்கரில் வெடித்தது. அக்கா குசினியில் இருந்து எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் அள்ளப் போகவில்லை, சும்மா போய் நின்றார். பிறகு கேட்டபோதுதான் சொன்னார்: "கேம் எண்டு தெரியும். ஆனா காதுக்குத் தெரியுதில்லையே."

ஆகவே எங்கள் பட்டியலில் முதலாவதாக ஏறியது ஒரு ஹெட்செட். காதை முழுதாக மூடும் வகை, வயர் உள்ளது. வயர்லெஸ் வகையில் அதே விலைக்குத் தரம் குறையும், பற்றரி பழுதானால் தூக்கி எறியவும் வேண்டும். இதை எந்தத் தொழில்நுட்பக் காணொளியும் முதல் பொருளாகச் சொல்லாது. எங்கள் வீடுகளில் இதுதான் முதல் பொருள் என்பது என் கருத்து.

பிறகு அளந்தோம். ஒரு கேம் திரையில் தெரிவதற்கு இரண்டு வேலை நடக்கிறது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது என்ற கணக்கைப் புரொசெசர் போடுகிறது. அந்தக் கணக்கைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்ட். ஒரு வினாடிக்கு எத்தனை படம் வரைந்து முடிகிறது என்பதைத்தான் பெடியள் எப்பிஎஸ் என்கிறார்கள். இரண்டில் எது பிந்துகிறதோ அதன் வேகம்தான் மொத்த வேகம். ஊற்றுக் குறைந்த கிணற்றில் எவ்வளவு பெரிய மோட்டரை இறக்கினாலும் தண்ணீர் கூடாது. மோட்டரை மாற்றுவதா கிணற்றை ஆழமாக்குவதா என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

அதைப் பார்க்கக் காசு தேவையில்லை. கேமை ஓடவிட்டுக்கொண்டு விண்டோஸின் ராஸ்க் மனேஜரைத் திறந்து, புரொசெசரும் கிராபிக்ஸும் எத்தனை வீதம் உழைக்கின்றன என்று பாருங்கள். கிராபிக்ஸ் 95 வீதத்துக்கு மேலே நின்று, புரொசெசர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் கார்ட் தேவை. கிராபிக்ஸ் 50, 60 வீதத்தில் சோம்பிக்கிடக்க, புரொசெசர் நிரம்பி வழிந்தால், புதுக் கார்ட் வாங்கியும் பெரிய மாற்றம் வராது. இன்னொரு வழியும் உண்டு. கேமின் அமைப்புகளில் படத்தின் தரத்தையும் ரெசலூஷனையும் ஆகக் கீழே இறக்குங்கள். எப்பிஎஸ் கூடினால் தடை கிராபிக்ஸில். கூடாமல் அப்படியே நின்றால் தடை புரொசெசரில். எங்கள் பெட்டியில் சந்தேகமே இருக்கவில்லை: கிராபிக்ஸ் 99 வீதத்தில் திணறியது. ரேமும் நிரம்பி, விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கைக் கடன் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை புது இடத்துக்குள் நுழையும்போதும் படம் உறைந்து நின்றதற்கு அதுதான் காரணம்.

சரி, கார்ட் தேவை. அப்படியென்றால் ஆர்எக்ஸ் 580 வாங்கலாமா?

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பவர் சப்ளையின் ஸ்டிக்கரை அவனையே வாசிக்கச் சொன்னேன். 240 வோட். ஆர்எக்ஸ் 580 தனியாகவே 185 வோட் வரை இழுக்கும். புரொசெசர் 65. போர்ட், ரேம், டிஸ்க், விசிறி எல்லாவற்றுக்கும் ஒரு 40 வைத்தால் 290. கணக்கு அங்கேயே முடிந்தது. இத்தனைக்கும் அந்தக் கார்டுக்குத் தனியாக ஒரு மின் இணைப்பு வேண்டும். அந்த வயரே இந்தப் பவர் சப்ளையில் இல்லை.

"அப்ப பவர் சப்ளையை மாத்துவம் மாமா." நியாயமான யோசனைதான். ஆனால் கடைகளில் விற்கும் சாதாரண பவர் சப்ளையில் மதர்போர்டுக்குப் போகும் இணைப்புக்கு 24 முள். இந்தக் கொம்பனிக் கணினிகளில் பெரும்பாலும் அவர்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் சிறிய இணைப்பு. இடையில் அடப்டர் வயர் போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். நான் தாய் தனியாக இருக்கும் வீட்டில் அதைச் செய்ய விரும்பவில்லை.

பவர் சப்ளையில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள் என்று நான் யாரைக் கண்டாலும் சொல்வேன். சந்தையில் பெட்டியோடு இலவசமாக வரும் பவர் சப்ளைகளில் 500 வோட், 600 வோட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்த எழுத்தை விட்டுவிட்டு, சிறிய எழுத்து அட்டவணையில் 12 வோல்ட் நிரையில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 20 அம்பியர் என்றிருந்தால் 12 ஆல் பெருக்குங்கள், 240 வோட். புரொசெசரும் கார்டும் உண்பது அந்த 12 வோல்ட்டில்தான். மற்றதெல்லாம் விளம்பரம். 80 பிளஸ் என்ற முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று. பாதுகாப்புக்கான சான்று அல்ல. ஆனாலும் முத்திரையே இல்லாததை விட, பெயர் தெரிந்த கொம்பனியின் முத்திரை உள்ள பொருள் எவ்வளவோ மேல். தரங்கெட்ட பவர் சப்ளை தான் சாகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். அந்த ஒரு நொடியில் மிச்சம் பிடித்த 5,000 ரூபாவுக்கு 50,000 ரூபா போய்விடும்.

ஆக, எங்களுக்குத் தேவை 240 வோட்டுக்குள் அடங்கும், தனி மின் இணைப்புக் கேட்காத கார்ட். கிராபிக்ஸ் கார்ட் செருகும் பள்ளமே 75 வோட் வரை கொடுக்கும். அந்த 75 வோட்டுக்குள் வாழத் தெரிந்த கார்டுகள் சில உண்டு. ஜிடிஎக்ஸ் 1050 ரிஐ, ஜிடிஎக்ஸ் 1650, புதிதாக வாங்க முடிந்தால் 2024 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 ஜிபி வகை, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400.

இதில் ஆர்எக்ஸ் 6400 விலையில் கண்ணைக் கவரும். ஆனால் அது பழைய போர்டுகளுக்குப் பொருந்தாத பிறவி. மதர்போர்டோடு பேச நான்கு பாதைகள் மட்டுமே வைத்திருக்கிறது. புதிய நான்காம் தலைமுறைப் பள்ளத்தில் பாதை அகலம் என்பதால் சமாளிக்கும், மூன்றாம் தலைமுறைப் பள்ளத்தில் திணறும். எங்களுடையது மூன்றாம் தலைமுறை. 1050 ரிஐ நல்ல கார்ட்தான், ஆனால் 2016 ஆம் ஆண்டுப் பொருள். அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் வெளியிடுவதை 2025 ஒக்டோபருடன் நிறுத்துவதாக என்விடியா அறிவித்துவிட்டது. அதற்கு அடுத்து வந்த ஜிடிஎக்ஸ் 1650 அந்தக் கத்தரிக்கோலில் தப்பியது. ஓட்டத்தில் ஆர்எக்ஸ் 580 இதை முந்தும், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் முந்துகிற கார்ட் எங்கள் பெட்டியில் ஓடாது.

ஒரு எச்சரிக்கை. ஜிடிஎக்ஸ் 1650 இல் தனி மின் இணைப்புக் கேட்கும் வகைகளும் இருக்கின்றன. படத்தைப் பார்த்து, கார்டின் மேல் ஓரத்தில் 6 முள் செருகும் இடம் இருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். உங்கள் பெட்டி ஒல்லியான சிறிய வகையென்றால் அரை உயரக் கார்ட் மட்டுமே உள்ளே போகும். அளவு நாடாவை எடுத்து நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். நாங்கள் அக்காவின் தையல் நாடாவால் அளந்தோம்.

இனி எங்கே வாங்குவது. புதிய பொருள் வாங்க முடிந்தவர்களுக்குப் பிரச்சினை குறைவு. கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் ஒரே நாளில் விலை தெரிந்துவிடும். ஆனால் கணினிப் பாகம் ஒவ்வொன்றும் டொலரில் வருகிறது. 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டபோது 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 வரை போனது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. சம்பளம் ரூபாவில் வாங்கும் வீடுகளுக்குப் பாவித்த பொருள்தான் கதி.

பாவித்த கார்டில் இரண்டு பயம். ஒன்று, கிரிப்டோ நாணயம் தோண்டப் பயன்பட்ட கார்டுகள். 2022 செப்டெம்பர் 15 இல் எதேரியம் தன் முறையை மாற்றியதோடு கார்டை வைத்துத் தோண்டும் தொழில் படுத்துவிட்டது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகமெங்கும் சந்தைக்கு வந்தன. அப்படி ஓடியது எல்லாமே பழுது என்றில்லை. ஆனால் விசிறி தேய்ந்திருக்கும், வெப்பப் பசை காய்ந்திருக்கும், நினைவகம் களைத்திருக்கும். ஆர்எக்ஸ் 580 இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதிலும் '2048 எஸ்பி' என்று பெயருக்குப் பின்னால் வரும் வகை உண்மையில் ஒரு படி கீழான ஆர்எக்ஸ் 570 இன் பலம் கொண்டது. பெயர்தான் 580.

இரண்டாவது பயம் போலி. இது என் சொந்தக் கதை. சில வருடங்களுக்கு முன் இணைய விளம்பரம் பார்த்து ஒருவரிடம் 1050 ரிஐ ஒன்று வாங்கினேன். பளபளப்பான புதுப் பெட்டி, நம்ப முடியாத விலை. செருகியதும் விண்டோஸும் 1050 ரிஐ என்றே காட்டியது. வீடியோவை ஏற்றுமதி செய்யத் தொடங்கிய பத்தாவது நிமிடம் திரை கறுத்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் தெரிந்தது, அது 2011 ஆம் ஆண்டுக் காலத்து ஜிடிஎக்ஸ் 550 ரிஐ. உள்ளே இருக்கும் பயோஸ் மென்பொருளை மாற்றி எழுதி, வயதைக் குறைத்து விற்றிருக்கிறார்கள். விற்றவரின் இலக்கம் அதற்குள் செயலிழந்துவிட்டது. அந்த மாதம் நான் எழுதிய இரண்டு கட்டுரைகளின் ஊதியம் அது.

ஏமாறாமல் இருக்க அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை மிகச் சிறிய விடயங்கள். என் கார்டின் பின்புறம் நீல நிற விஜிஏ துளை இருந்தது. உண்மையான 1050 ரிஐ இல் அது இருக்காது, அந்தத் தலைமுறையோடு என்விடியா விஜிஏயைக் கைவிட்டுவிட்டது. ஜிபியூ-இசெட் என்ற இலவச மென்பொருள் பெயரை மாற்றிய என்விடியா கார்டுகளைக் கண்டால் போலி என்றே எழுதிக்காட்டும். அது ஒரு பென்டிரைவில் இருந்தால் போதும். விற்பவரின் இடத்திலேயே கார்டை ஓடவிட்டுப் பாருங்கள். 20 நிமிடம் ஒரு கனமான கேமோ ஃபர்மார்க் போன்ற சோதனையோ ஓடட்டும். திரையில் கோடு, புள்ளி, நிறக்கட்டிகள் தெரிந்தால் எழும்பி வந்துவிடுங்கள். வெப்பம் 85 பாகையைத் தாண்டி ஏறிக்கொண்டே போனாலும் அப்படித்தான். ஓடவிட்டுக் காட்டமாட்டேன் என்பவரிடம் விலை கேட்கவே வேண்டாம். ஆகக் குறைந்தது ஒரு கிழமை செக்கிங் வாரண்டி எழுத்தில் வாங்குங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு திருத்துநரிடம் நாங்கள் எடுத்த 1650 இற்கு அவர் பில் புத்தகத்தில் எழுதித் தந்தார். பேருந்தில் கொண்டுவரும்போது மருமகன் அதை மடியிலேயே வைத்திருந்தான்.

ரேமும் எஸ்எஸ்டியும் நீண்ட கதை இல்லை. இருந்த 8 ஜிபியோடு அதே வேகமுள்ள இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 துண்டைச் சேர்த்தோம். இரண்டு துண்டாக இருந்தால் புரொசெசருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை இரட்டிப்பாகிறது, ஒரே 16 ஜிபி துண்டை விட அது நல்லது. போர்ட் டிடிஆர்3 கேட்கிறதா 4 கேட்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும், ஒன்று மற்றதன் பள்ளத்தில் போகாது. பழைய டிஸ்க் வினாடிக்கு 100 எம்பி சொச்சம் வாசிக்கும் இடத்தில் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பி வாசிக்கும். எப்பிஎஸ்ஸைக் கூட்டாது, ஆனால் கணினியில் கைவைக்கும் ஒவ்வொரு தடவையும் வித்தியாசம் தெரியும். நாங்கள் ரேம் வாங்கியது நல்ல காலம். அந்த வருடக் கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை உலகம் முழுவதும் எகிறிவிட்டது. இன்றைக்கு நீங்கள் வாங்குவதாக இருந்தால் பாவித்த துண்டையே தேடுங்கள்.

புரொசெசரைத் தொடவில்லை. இங்கேதான் அக்கா ஒரு கேள்வி கேட்டார். நான் பல வருடமாகப் பெடியளுக்கு விளங்கப்படுத்த முயன்றதை அவர் ஒரே வசனத்தில் முடித்தார்.

"தம்பி, வாங்கிற சாமானில எதெது பிறகு வேற பெட்டிக்கும் கொண்டுபோகலாம்?"

இடம்பெயர்ந்த மனிசருக்கு இந்தக் கேள்வி இயல்பாக வருகிறது. எதைத் தூக்கிக்கொண்டு போகலாம், எதை விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று பிரித்துப் பழகிய கை.

அந்தக் கண்ணால் பார்த்தால் பட்டியல் தானாகவே ஒழுங்காகிறது. ஹெட்செட் கூட வரும். எஸ்எஸ்டி கூட வரும். கார்ட் கூட வரும். டிடிஆர்4 ரேம், ஏஎம்4 போர்டுக்கு மாறினால் கூட வரும். ஆனால் இந்தப் போர்டுக்கென்று பாவித்த ஐ7-6700 வாங்கினால் அது இந்தப் பெட்டியோடு செத்துவிடும். எட்டாம் தலைமுறை ஐ5-8400 இந்தப் பள்ளத்தில் அச்சொட்டாகப் பொருந்தும், ஆனால் வேலை செய்யாது. முள் ஒரே எண்ணிக்கைபோல இருப்பதை நம்பி வாங்கிவிட்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பெட்டிக்கு ஆயுள் அதிகமில்லை என்பதையும் அக்காவிடம் மறைக்கவில்லை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறை இன்டெல் புரொசெசரில் இருந்துதான் ஏற்கும். இவனுடையது ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் ஒரு வருடம் நீடித்துப் பெறும் திட்டம் 2026 ஒக்டோபர் வரை இருக்கிறது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போடலாம் என்பார்கள். வலோரண்ட் போன்ற கேம்கள் விண்டோஸ் 11 இல் டிபிஎம் 2.0, செக்கியூர் பூட் இரண்டையும் சோதிக்கும். இல்லாவிட்டால் உள்ளே விடாது. ஆகவே அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ பெட்டியை மாற்றத்தான் வேண்டும். அன்றைக்கு ரைசன் 5 5600 போன்ற ஒரு புரொசெசர், ஒரு ஏஎம்4 போர்ட், தரமான பவர் சப்ளை, கேஸ் மட்டும் வாங்கினால் மீதி எல்லாம் கையில் இருக்கும். அப்போது கவனிக்கவேண்டிய ஒன்று: ரைசன் 5 5600 இலும் பெயரின் கடைசியில் 'எஃப்' வரும் இன்டெல் புரொசெசர்களிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. கார்ட் இல்லாமல் திரையில் படம் வராது.

கடைசிப் பொருள் யூபிஎஸ். மருமகனுக்கு அது வீண் செலவு. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது அவனுக்கு 16 வயது, மறந்திருக்க முடியாது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை நாங்கள், கரண்டை நம்பிப் பழக்கமில்லை. நின்றுபோவதைவிட, ஏறி இறங்கி வருவதுதான் பாகங்களைக் கொல்லும். 650 விஏ யூபிஎஸ் என்றால் உண்மையில் 360 வோட் அளவு தாங்கும், எங்கள் பெட்டிக்குத் தாராளம். கேமைத் தொடர்ந்து விளையாட அல்ல, சேமித்துவிட்டு ஒழுங்காக நிறுத்துவதற்குச் சில நிமிடம் தரும். வோல்டேஜைச் சீர்செய்யும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். கூடவே அந்த அறையின் பிளக்கில் எர்த் வேலை செய்கிறதா என்று ஒரு மின்வேலையாளைக் கூப்பிட்டுப் பார்ப்பித்தோம். செய்யவில்லை. மீள்குடியேற்றத்தில் அவசரமாகக் கட்டிய எத்தனை வீடுகளில் இதே நிலையோ.

மின்கட்டணக் கணக்கையும் போட்டேன். முன்னர் 60 வோட் அளவில் ஓடிய பெட்டி, கேமின்போது ஏறத்தாழ 200 வோட் இழுக்கும். மேலதிகமாக 140. நாளுக்கு 4 மணித்தியாலம் விளையாடினால் மாதம் 17 யூனிட் வரை கூடும். அக்காவின் பில் 47 யூனிட். கூட்டினால் 64. இந்த நான்கு யூனிட்தான் ஆபத்து. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் மேலதிக யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, முதல் 60 யூனிட்டுக்கும் கூடிய விலைப் பட்டியலுக்கு மாறிவிடுவீர்கள், நிலையான கட்டணமும் கூடும். ஆகவே 3 மணித்தியாலம் என்று வீட்டுச் சட்டம் வந்தது. அதோடு கேமின் அமைப்பில் எப்பிஎஸ்ஸை 60 இல் கட்டிவைத்தேன். அவனுடைய மொனிட்டர் வினாடிக்கு 60 படம்தான் காட்டும். அதற்கு மேல் கார்ட் வரைவதெல்லாம் யாரும் பார்க்காத படம், கட்டணம் மட்டும் கட்டவேண்டிய படம்.

பூட்டிய அன்று மாலை எல்லாம் சரி, படம் மட்டும் வரவில்லை. மொனிட்டரில் விஜிஏ துளை மட்டுமே இருந்தது, கார்டிலோ விஜிஏ இல்லை. போலியைப் பற்றி இவ்வளவு பிரசங்கம் செய்த எனக்கு அது ஞாபகத்துக்கு வராமல் போனது. மருமகன் சைக்கிளில் கிளிநொச்சி ரவுணுக்கு ஓடி எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும் அடப்டர் ஒன்று வாங்கிவந்தான். 12 கிலோமீற்றர் மேலதிகம்.

செலவுக் கணக்கை ஒரு கொப்பித் தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். கார்ட் 29,000. யூபிஎஸ் 13,500. 500 ஜிபி எஸ்எஸ்டி 12,500. ஹெட்செட் 6,500. ரேம் 5,500. அடப்டர் 1,200. எல்லாமாக 68,200 ரூபா. இவை அன்றைக்கு நாங்கள் கொடுத்த விலை, கடைக்குக் கடை மாறும், ரேமுக்கு இன்றைக்கு இந்தக் கணக்கே செல்லாது. எர்த் திருத்திய கூலியை நான் கொடுத்தேன்.

மிச்சம் 6,800. மருமகன் அதற்கு வெளிச்சம் எரியும் விசைப்பலகை ஒன்று பார்த்து வைத்திருந்தான். அக்கா தாளை மடித்துக் காசோடு சேர்த்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"அடுத்த சீட்டு எடுக்கும்வரைக்கும் கொம்பியூட்டர் எண்டு ஒருத்தரும் என்னட்ட வரப்படாது" என்றார். ஹெட்செட் மாட்டியிருந்த மருமகனுக்கு அது கேட்கவில்லை.